ஒருவரும் அடிக்காத பக்கங்கள்

ரெய்னர்ஸ் லேன்
26.2.2006

சம்பந்தி வசந்தமலர் அவர்களுக்கு,

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஆகவே விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று வெம்பிளிக்கு மீன் வாங்கப் போனேன். பக்கத்தில் உங்கள் கணவரின் தமக்கை நாகேஸ்வரி நின்றார். விளைமீனின் செவிளைத் தூக்கிப் பார்த்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பேத்தி பெரியபிள்ளையாகீட்டாள். இனி உங்களுக்கு வேலைதான்."

"ஓம், ஓம்" என்றேன். வேறு என்ன சொல்கிறது? ஒன்பது நாளாம். தண்ணீரும் வார்த்தாயிற்றாம். என் ஒரே மகன் கணேஸ்வரனின் ஒரே பிள்ளை தர்ஷினி. அவள் பெரியபிள்ளையான செய்தி எனக்கு மீன் கடையில் கிடைக்கிறது. என்ன மீன் வாங்கினேன் என்பதை வீட்டுக்கு வந்து பையைத் திறந்துதான் கண்டேன்.

உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்குப் போன் எடுத்தேன். மாமி சொல்லியிருப்பா என்று நினைத்தானாம். உங்கள் மகள் அஜந்தா, அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாளாம். எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

பதினாலு வருடத்துக்கு முன் அவர்களின் கலியாண மண்டபத்தில் நீங்கள் எனக்குச் செய்ததையும் நான் மறக்கவில்லை. அதை இங்கே எழுதவில்லை. இதை மட்டும் கேட்கிறேன்: ஏன் எனக்குச் சொல்லவில்லை?

போனில் கேட்டால் இரண்டு பேரில் ஒருவர் வைத்துவிடுவோம். கடிதத்தைத் தூக்கி வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும்.

அருமைநாயகி


பிளேஸ்டோ
5.3.2006

அருமைநாயகி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளின் கொப்பி திருத்தியவள் என்ற முறையில் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டவள் தர்ஷினிதான். நாகேஸ்வரி மச்சாள் தற்செயலாக அன்றைக்கு வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்தால் வெம்பிளிக்குத் தெரியும் என்பதை நான் யோசித்து, அன்றே உங்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். அது என் பிழை.

உங்கள் பிழையையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மே மாதம் 28ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்திருக்கிறோம். பிள்ளை மாட்டேன் என்கிறாள். அஜந்தா சேலை நிறம் கேட்கப் போனபோது குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது கையில் ஒரு படம். மேடையில் கதிரை. கதிரையில் நகை போட்ட ஒரு பொம்மை. பொம்மைக்கு முகம் இல்லை. சுற்றிவர சேலை கட்டிய பிசாசுகள், எல்லாவற்றுக்கும் நீளமான பல். இது ஆரடி என்று கேட்டேன். "வாற ஆக்கள்" என்றாள்.

இப்படிக் கீற அவள் எங்கே பழகினாள்? இரண்டு சனிக்கிழமைக்கு ஒருதரம் உங்களிடம் வருகிறாள். நீங்கள் லைப்ரரிக்குக் கூட்டிப்போகிறீர்கள். பை நிறைய யப்பான்காரரின் படக்கதைப் புத்தகங்களோடு திரும்பி வருகிறாள். கண் தட்டளவு, வாய் கடுகளவு, ஒரு பக்கத்தில் பத்து அடி, ஒன்பது உதை. இதை வாசிக்கிற பிள்ளை பெரியவர்களைப் பிசாசாகக் கீறாமல் வேறு என்ன செய்யும்?

இனி அந்தப் புத்தகங்கள் இந்த வீட்டுக்கு வேண்டாம். கொஞ்ச நாளைக்கு அவளும் அங்கே வரமாட்டாள்.

இப்படிக்கு,
வசந்தமலர் குலசேகரம்


ரெய்னர்ஸ் லேன்
13.3.2006

சம்பந்தி அவர்களுக்கு,

சனிக்கிழமை அவள் வரவில்லை. மேசையில் பாணும் சம்பலும் காய்ந்து கிடந்தன. என் மகள் லலிதா எடுத்து வைக்க வந்தாள். இருக்கட்டும் என்றேன்.

புத்தகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுதுகிறேன். கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகிறது, வெயில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வெளிச்சம், கோபம் பிடிபடமாட்டேன் என்கிறது.

போன வருடம் மாரியில் அவள் ஒரு புத்தகத்தை இங்கே மறந்துவிட்டுப் போனாள். எனக்கு இங்கிலிஷ் தெரியாது. ஆனால் படத்துக்கு இங்கிலிஷ் வேண்டாமே. எங்கள் புத்தகம் போல இடப்பக்க மட்டையைத் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்திக்குக் குட்டைச் சடை, மற்றவளுக்கு நீளச் சடை. தொடக்கத்திலேயே கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பிறகு சேர்ந்து நிற்கிறார்கள். பிறகு வாளெடுத்துச் சண்டை பிடிக்கிறார்கள். செத்துக் கிடந்த வாத்தியார் எழும்பி உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறார். நிலத்தில் கிடந்த பூவெல்லாம் மேலே போய் மரத்தில் ஒட்டுகிறது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு பாலத்தில் ஒருவரையொருவர் தெரியாத மாதிரிக் கடந்து போகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அன்று பின்னேரம் கதிரையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நானும் பின்பக்கமாகத்தான் நடந்துகொண்டிருந்தேன். உதிர்ந்ததெல்லாம் திரும்பக் கொப்புக்குப் போனது. நல்லாயிருந்தது. ஆனால் முடிவில் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லை.

அடுத்தமுறை தர்ஷினி வந்தபோது சொன்னேன், நல்ல கதை, ஆனால் பெருந்துக்கம் என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பம்மா, நீங்கள் கடைசியிலையிருந்து பாத்திருக்கிறியள். இது வலப்பக்கத்திலையிருந்து வாசிக்கிறது." யப்பான்காரர் அப்படித்தான் வாசிப்பார்களாம். திரும்ப அவளோடு இருந்து மற்றப் பக்கத்தால் பார்த்தேன். தெரியாதவர்கள் பாலத்தில் சந்திக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள், கடைசியில் கட்டிப்பிடிக்கிறார்கள். ஒரே படங்கள்தான் சம்பந்தி. எந்தப் பக்கத்தால் திறக்கிறோம் என்பதுதான்.

அன்றிலிருந்து அவள் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்துகிறாள். கதை தொடங்கும்போது நாயகி பாண் துண்டைக் கவ்விக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும், சந்தியில் ஒருவரோடு மோதவேண்டும். மோதியவர் யார் என்று பார்த்தால் வகுப்புக்குப் புதிதாக வந்தவர். பூ கொட்டினால் யாரோ எதையோ நினைக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க வெறும் வானத்தைக் கீறி விட்டிருப்பார்கள், ஒரு சொல்லும் இராது. அச்சடிக்க மறந்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம். அது காத்துக்கொண்டிருக்கிற பக்கமாம்.

எனக்கு இப்போது அந்தப் பக்கம்தான். பிள்ளையை அனுப்புங்கள். புத்தகம் இல்லாமலென்றாலும் அனுப்புங்கள்.

அருமைநாயகி


பிளேஸ்டோ
7.4.2006

அருமைநாயகி அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைத் தர்ஷினியிடமே கொடுத்துவிடுகிறேன். அவளுடைய புத்தகத்துக்குள் வைத்திருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இன்னும் எழுத்துக்கூட்டுகிற நிலைதான், வாசித்துவிடுவாள் என்று பயப்பட வேண்டாம்.

ஆம், புத்தகத்தோடுதான் வருகிறாள். தடை செய்வதென்றால் எதைத் தடை செய்கிறேன் என்று தெரிய வேண்டுமே என்று நான் மூன்றை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. ஒன்றை வாசித்தவர் மற்றதன் முடிவைச் சொல்லிவிடலாம். இலட்சம் பிரதி அடித்தாலும் கட்டுரைக்கு நான் நாற்பது புள்ளிதான் போடுவேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. எதிரி தோற்கப் போகும் நேரத்தில், வாள் இறங்குகிற அந்த இடத்தில், கதையை நிறுத்திவிட்டு அவளுடைய சின்ன வயதைச் சொல்லத் தொடங்குகிறார்கள். நாலு பக்கம், ஐந்து பக்கம். மழையில் தனியே நிற்கிறாள், ஒருவரும் குடை பிடிக்கவில்லை, அப்படி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று தர்ஷினியிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "முதல் சொன்னால் ஆரும் கேக்கமாட்டினம், அம்மம்மா."

அதன் பிறகு நான் நாலாவது புத்தகத்தையும் எடுத்தேன். இதை நீங்கள் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.

பிள்ளை இன்னும் அசையவில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். அஜந்தா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து அழுகிறாள். கணேஸ்வரன் தம்பி வழக்கம் போல இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நான் சொல்லிப் பார்த்தேன், என் கணவர் சொல்லிப் பார்த்தார். உங்கள் சொல்லைக் கேட்பாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

ஏன் மாட்டேன் என்கிறாள் என்று மட்டுமாவது கேட்டு எழுதுங்கள்.

வசந்தமலர்


ரெய்னர்ஸ் லேன்
9.4.2006

சம்பந்தி அவர்களுக்கு,

அவள் உள்ளே கை கழுவுகிறாள். கணேஸ்வரன் கார் கொண்டு வருவதற்குள் இதை எழுதி அதே புத்தகத்துக்குள் வைக்க வேண்டும்.

இன்று காலமை இரண்டு பேரும் நடக்கப் போனோம். எங்கள் தெரு மரங்கள் பூத்திருக்கின்றன. ஒரு காற்றுக்குப் பூவெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது, அவளுடைய தலையிலும் என் கோட்டிலும். "இப்ப ஆர் என்ன நினைக்கினம்?" என்று கேட்டேன். பிறகுதான் சொல்லத் தொடங்கினாள்.

அவள் சடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை சம்பந்தி. சேலை உடுத்த ஆசைதானாம். அந்தப் புத்தகத்தில் குட்டைச் சடைக்காரி ஒவ்வொரு முறையும் நிலா வெளிச்சத்தில் உரு மாறுவாள். சாதாரணப் பள்ளிக்கூடப் பிள்ளை. வெளிச்சம் சுழலும், நாடா சுற்றும், உடுப்பு மாறும், வேறொருத்தியாக நிற்பாள். மூன்று நாலு பக்கம் போகும். அந்தப் பக்கங்களில் எதிரி பக்கத்திலேயே நிற்பான், ஆனால் அடிக்கமாட்டான். நானும் முந்தி இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், மடையன், இப்போதே அடித்தால் வேலை முடிந்தது என்று.

"அது சட்டம், அப்பம்மா. ஒருத்தி மாறேக்கை ஆரும் அடிக்கக்கூடாது. கெட்டவனுக்கும் அது தெரியும்." தலையில் கிடந்த பூவைத் தட்டிவிட்டாள். "நான் மாறேக்கை நீங்களும் அம்மம்மாவும்தான் உங்களுக்குள்ளை அடிபடுறியள்."

எனக்கு நடை நின்றுவிட்டது.

போன வருடம் ஹரோவில் ஒரு சடங்குக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? ஆலாத்தி எடுக்கிற நேரம் சுமங்கலிகள் எல்லாரும் மேடைக்குப் போனார்கள். தங்கள் கோட்டுகளை என் கையில் தந்துவிட்டுப் போனார்கள். நான் கதவடியில் ஏழெட்டுக் கோட்டோடு நின்றேன். எனக்கு அது பழக்கம். பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தன்னுடைய சடங்கிலும் அப்பம்மா கோட்டோடு கதவடியில் நிற்கத்தான் வேண்டுமென்றால் தனக்குச் சடங்கே வேண்டாமாம். இரண்டிரண்டு பேராகத்தானே ஆலாத்தி எடுக்கிறார்கள், முதல் சோடி அப்பம்மாவும் அம்மம்மாவும் என்றால் வருவாளாம். அவ்வளவுதான்.

நான் சொல்லிவிட்டேன், அது நடக்காத காரியம், அப்பப்பா போய்ச் சேர்ந்து இருபத்திமூன்று வருடம், எனக்கு அந்த உரிமை இல்லை என்று. அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கப்படுத்தவும் தெரியவில்லை.

எழுதமாட்டேன் என்றதை இப்போது எழுதிவிடுகிறேன். கலியாணத்தன்று மகன் மணவறைக்கு வரும்போது பார்க்க நான் முன்னுக்கு வந்து நின்றேன். பார்க்க மட்டும்தான். நீங்கள் வந்து என் முழங்கையைப் பிடித்தீர்கள். "கொஞ்சம் அங்காலை நில்லுங்கோ." தள்ளின மாதிரி இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று என் பிள்ளை தாலி கட்டினதைப் பாதிதான் கண்டேன்.

அன்றைக்கு நீங்கள் செய்ததை இந்த முறை நானே செய்துகொள்கிறேன். எனக்குச் சளிக்காய்ச்சல், வரவில்லை என்று சொல்லுங்கள். நான் இல்லாவிட்டால் கோட்டுக் கதையும் இல்லைத்தானே. பிள்ளையைச் சம்மதிக்க வையுங்கள். அவள் அழகாக இருக்க வேண்டும்.

கார் வந்துவிட்டது.

அருமைநாயகி


பிளேஸ்டோ
21.4.2006

அம்மா,

இரண்டு கிழமையாக எழுதிக் கிழித்தேன். பிள்ளைகளிடம் "முன்னுரை எங்கே" என்று கேட்டவளுக்கு முன்னுரை வரவில்லை. ஆகவே நேரே மழையில் நிற்கிற பக்கத்துக்கு வருகிறேன்.

அன்று மண்டபத்தில் நான் உங்களுக்குப் பின்னால்தான் நின்றேன். எனக்கும் பின்னால் நாகேஸ்வரி மச்சாள். "மாப்பிள்ளை வாற பாதையிலை ஆர் நிக்கிறது பாத்தனியோ? ஒருத்தரும் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன்" என்றார். அவர் சொல்வதென்றால் எப்படிச் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். ஐயர், மேளகாரர், வீடியோ எல்லாவற்றுக்கும் கேட்கச் சொல்வார். அவர் அடி எடுத்து வைத்தார். நான் அவரை முந்திக்கொண்டு வந்து உங்கள் முழங்கையைப் பிடித்தேன். அவர் வாயால் வருவதைவிட என் கையால் நடக்கட்டும் என்று நினைத்தேன். நான் உங்களைத் தள்ளவில்லை. என் கை நடுங்கியது. அது உங்களுக்குத் தள்ளின மாதிரி இருந்திருக்கும்.

இத்துடன் நிறுத்தினால் எனக்கு நல்ல பெயர். ஆனால் இது முழு உண்மை இல்லை. எனக்கும் பயம் இருந்தது. ஒரே மகளின் கலியாணம். நாகேஸ்வரி மச்சாள் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் உங்களை நகர்த்தியிருப்பேனா? தெரியாது. பதினாலு வருடமாக அந்தக் கேள்விக்குக் கிட்டப் போகாமல் இருந்தேன். அதனால்தான் உங்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் அதைத் தலைக்கனம் என்று நினைத்தீர்கள். கொஞ்சம் அதுவும்தான்.

முதலிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். பிள்ளை சொன்னது சரி.

சளிக்காய்ச்சல் என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆலாத்தித் தட்டை நீங்களும் நானும் எடுப்பது பற்றி இன்னும் யோசிக்கிறேன். நாகேஸ்வரி மச்சாளை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சம்மதமா என்று முதலில் சொல்லுங்கள்.

வசந்தமலர்


ரெய்னர்ஸ் லேன்
23.4.2006

சம்பந்தி,

புத்தகத்துக்குள் வந்த உங்கள் கடிதத்தை நேற்று நாலு முறை வாசித்தேன். ஐந்தாம் முறை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலடியில் இருந்தேன். தர்ஷினி எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் மட்டும்தான். மழை வருமா வராதா என்று வானம் நின்றது. அந்த வெறும் பக்கத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற மாதிரி இருந்தது.

முழங்கையை இப்போது தொட்டால் வேறு மாதிரி இருக்கிறது.

நாகேஸ்வரியை விடுங்கள். நாகேஸ்வரிக்கு நான் பயப்படவில்லை. எனக்கு என்னை நினைத்துத்தான் பயம். அவர் போனபிறகு ஒரு பிள்ளைக்கும் நான் பொட்டு வைத்ததில்லை. லலிதாவின் கலியாணத்தில் குசினிக்குள் நின்றேன், ஒருவரும் சொல்லவில்லை, நானாகத்தான் போய் நின்றேன். நான் தட்டெடுத்து நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் என் மனம் என்னைச் சும்மா விடாது. படித்த உங்களுக்கு இது மூடத்தனம். நான் அஞ்சாம் வகுப்பு. எனக்குள்ளே அது இருக்கிறது, தோண்டி எடுக்க ஏலாது.

மண்டபத்துக்கு வருகிறேன். கதவடியில் நிற்கமாட்டேன், கதிரையில் இருக்கிறேன். அதுவே பெரிது என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

அருமைநாயகி


பிளேஸ்டோ
5.5.2006

மச்சாள்,

இப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். சம்பந்தி வீட்டார் மச்சாள் முறைதானே. பதினாலு வருடம் பிந்திவிட்டது.

நீங்கள் எழுதியதை மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அதே மூடத்தனத்தோடுதான் நானும் உங்கள் முழங்கையைப் பிடித்தேன். அதனால் நேற்றுத் தர்ஷினியை என் முன்னால் இருத்திக் கேட்டேன். அப்பம்மா முதல் தட்டு எடுத்து, அதற்குப் பிறகு உனக்கு ஏதும் ஒன்று வந்தால் அவ தாங்கமாட்டா, அதற்கு என்ன சொல்கிறாய் என்று. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தலையிடி வரும்தானே, அம்மம்மா. எல்லாருக்கும் வாறதுதானே. அது வரேக்கை அப்பம்மா என்னட்டை வருவாவோ, இல்லாட்டி தன்னாலை எண்டு ஒளிச்சுக்கொண்டு நிப்பாவோ?"

உங்களிடம் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

என் முடிவை எழுதுகிறேன். முதல் தட்டு நீங்களும் நானும். நீங்கள் எடுக்காவிட்டால் நானும் எடுக்கமாட்டேன், உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். நாகேஸ்வரி மச்சாளிடம் சொல்லியாயிற்று. அவர் என்ன சொன்னார் என்பதை எழுதமாட்டேன். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தமக்கையிடம் "அக்கா, தேத்தண்ணி ஆறுது" என்று சத்தமாகச் சொன்னார். அவருக்கு அது பெரிய வாள்வீச்சு.

தட்டில் மூன்று திரி. வாழைப்பழத் துண்டில் குத்தி வைப்பதை நான் செய்கிறேன். வலம் சுற்றி மூன்று தரம். மறந்திருந்தால் சனிக்கிழமை வெறும் தட்டோடு பிள்ளையை நிறுத்திப் பழகிப் பாருங்கள்.

வாருங்கள்.

வசந்தமலர்


ரெய்னர்ஸ் லேன்
11.6.2006

மச்சாள்,

சடங்கு வீடியோ வர இரண்டு மாதம் செல்லுமாம். அதற்கு முன்னே வேறொன்று வந்துவிட்டது. நேற்றுத் தர்ஷினி எட்டுத் தாளைச் சேர்த்து நூலால் தைத்துக் கொண்டு வந்து தந்தாள். உங்களுக்கும் ஒன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது. தயவுசெய்து இடப்பக்கத்தால் திறக்க வேண்டாம். நான் பழக்கதோஷத்தில் திறந்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று, பிறகு விலகி, தூணடியில் போய் முடிந்தது. உடனே மூடிவிட்டுச் சரியான பக்கத்தால் தொடங்கினேன்.

முதல் பக்கம் மண்டபம், தூண், தூணுக்குப் பின்னால் ஒரு கிழவி. மூக்கை வைத்துத்தான் நானென்று தெரிகிறது. அடுத்தது பூ. பிறகு ஒரு வெறும் வானம், மூலையில் சின்னதாக ஒரு ரயில். அதற்குப் பிறகுதான் அவள் மாறுகிறாள். மூன்று பக்கம். வெளிச்சம் சுழல்கிறது, சேலைத் தலைப்பு ஆறு மாதிரி ஓடுகிறது, பின்னலில் வைத்த சடைநாகம் உயிரோடு நெளிகிறது. அந்தப் பொம்மைக்கு முகம் வந்திருக்கிறது, மச்சாள். அவளுடைய முகம். சுற்றிவரப் பல்லுள்ள பிசாசுகள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒன்று நாகேஸ்வரி, வாய் திறந்தபடி. பேச்சுக் குமிழி வெறுமை. அன்றைக்கு அவரும் உண்மையாகவே அப்படித்தான் நின்றார், பார்த்தீர்களா? பிறகு எனக்குப் பலகாரத் தட்டும் கொண்டுவந்து தந்தார். விளைமீன் பற்றிக் கதைத்தோம்.

கடைசிப் பக்கத்தில் நாங்கள். ஒரு தட்டு, நாலு கை, மூன்று சுடர். அவளுடைய கண் ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாகச் சுடர் கீறியிருக்கிறாள். கண் தட்டளவுதான். அதற்காகத்தான் அப்படிக் கீறுகிறார்கள் போல, இல்லாவிட்டால் இவ்வளவும் எப்படிக் கொள்ளும்?

உங்கள் கேள்விக்கு நான் அன்று எழுத்தில் பதில் எழுதவில்லை. தட்டைப் பிடித்ததுதான் பதில். போன கிழமை அவளுக்குத் தடிமனும் தும்மலும் வந்தது, தெரியும்தானே. கேட்டதும் தட்டெடுத்த என் கையைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு மல்லித் தண்ணீர் அவித்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒளித்துக்கொண்டு நிற்கவில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதல் பக்கத்தில் தூணுக்கு முன்னால் இன்னொரு படம் இருக்கிறது. என் முழங்கையை ஒரு கை பிடிக்கிறது. அந்தக் கையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள். குளிரில் நடுங்குகிறவர்களுக்கும் பயந்தவர்களுக்கும் இப்படித்தான் கோடு போடுவார்களாம். கைக்குப் பின்னால் இன்னொருத்தி அடி எடுத்து வைக்கிறாள். உங்கள் கை நடுங்கியதை எனக்கே நீங்கள் எழுதித்தான் தெரியும். நான் பிள்ளைக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள். அஜந்தாவுக்கும் கணேஸ்வரனுக்கும் இது தெரியாது.

அப்படியென்றால் பிளேஸ்டோவிலிருந்து இங்கே வருகிற காரின் பின் சீற்றில், புத்தகத்துக்குள் ஒளித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒருத்தி கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வாசிக்க மாட்டாள் என்று எழுதின ரீச்சர் நீங்கள். நாற்பது புள்ளி உங்களுக்குத்தான்.

ஆகவே மிச்சத்தை உங்களுக்கு எழுதவில்லை.

தர்ஷினி, நீ இப்போது எந்த இடத்தில் வருகிறாய்? ஹாங்கர் லேன் சந்தியில் கார் நின்றிருக்கும். மெதுவாக வாசி. விளங்காத சொல்லை விட்டுவிட்டுப் போ, நானும் உன் புத்தகத்தை அப்படித்தான் வாசித்தேன். அன்றைக்கு மேடையில் அம்மம்மாவின் கை திரும்பவும் நடுங்கியது. நீ அதைக் கீறவில்லை. நீ சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிந்திராது. தட்டு ஆடவில்லை, ஏனென்றால் மற்றப் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அடுத்ததைக் கீறும்போது அந்தக் கோடுகளையும் போடு.

வாசித்து முடிந்ததும் மடித்த மாதிரியே மடித்து வை.

அப்பம்மா